திரையில் வெளிச்சமாக இருந்த முகங்கள் அச்சில் ஏன் இருண்டன?

கேட்டிருப்பவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவி. வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து செயற்றிட்டமாக 48 பக்க ஏ4 இதழ் ஒன்றைச் செய்திருக்கிறார். எழுத்து மற்றவர்களுடையது. படம் எடுத்ததும் பக்கம் அமைத்ததும் இவர். இதழ் அச்சாகி வந்த அன்றே மனம் உடைந்துவிட்டதாக எழுதுகிறார். முகங்கள் இருண்டிருக்கின்றன. 18, 19ஆம் பக்கங்களுக்குக் குறுக்கே போட்ட குழுப்படத்தில் இரண்டு பேர் மடிப்புக்குள் போய்விட்டார்கள். சில தலைப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. இப்போது இதைப் பற்றி மீள்நோக்கு எழுத வேண்டும். “பிழை அச்சகத்துடையதா, என்னுடையதா? மீள்நோக்கில் இதையெல்லாம் எழுதுவதா, விடுவதா?” என்பது கேள்வி. எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வியும் கேட்கிறது: படத்தையும் பக்கத்தையும் ஒரே ஆள் செய்யும்போது எதை முதலில் நினைக்க வேண்டும்? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இங்கே பாடசாலை மலர்கள், சஞ்சிகைகள், விழா நூல்கள் என்று பக்கம் அமைத்து வருகிறேன். அவற்றில் பாதிக்குமேல் படமும் நான் எடுத்ததுதான். உங்கள் இதழை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். மை, தாள், கணக்கு பற்றிச் சொல்லும் இடங்களை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்துரு, வெற்றிடம், அட்டை பற்றிச் சொல்வது என் கண்ணின் பழக்கம். அங்கே உங்கள் ரீச்சர் வேறு மாதிரிச் சொன்னால் அதையும் வைத்து யோசியுங்கள்.

சுருக்கமான பதில் இது: நீங்கள் சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை அச்சகத்துக்குப் போகுமுன்னே கோப்பில் இருந்தவை. அது உங்கள் கவனக்குறைவு அல்ல. நீங்கள் இரண்டு மாதம் படம் எடுத்தீர்கள், பிறகு கணினிக்கு முன்னால் இருந்து பக்கம் அமைத்தீர்கள். படம் எடுத்தவருக்கு அது எந்தப் பக்கத்துக்கு என்று தெரியாது. பக்கம் அமைத்தவருக்கு வேண்டிய படம் இல்லை. இரண்டு பேரும் நீங்களே, ஆனாலும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எனக்கு வேலை பழக்கியவர் ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர். அந்தக் காலத்தில் ஒரு படம் போடவேண்டுமென்றால் அதற்குப் புளொக், அதாவது படம் பொறித்த அச்சுக்கட்டை, செய்ய வேண்டும். எத்தனை அங்குல அகலம் என்று சொல்லாமல் புளொக் செய்விக்க முடியாது, செய்தபின் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. ஆகவே பக்கத்தில் படம் எங்கே, எவ்வளவு என்பதை ஆசிரியர் முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை அச்சாகிய ஊர் இது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார், 1966இல் டொமினிக் ஜீவா மல்லிகைச் சஞ்சிகையைத் தொடங்கினார். கையால் எழுத்துக் கோத்த அந்த நீண்ட காலம் முழுவதும், பக்கத்தை மனதில் கட்டிய பிறகுதான் கை வேலை செய்தது. கணினி வந்ததும் எதையும் எப்போதும் மாற்றலாம் என்ற வசதி கிடைத்தது. அதோடு முதலில் யோசிக்கும் பழக்கம் கைவிட்டுப் போனது.

சரி, இருண்ட முகங்களுக்கு வருவோம். இதில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. முதலாவது, வெள்ளைச் சீருடை. கமராவுக்கு முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. வருகின்ற வெளிச்சத்தை எல்லாம் சேர்த்து அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நாற்பது பேர் வெள்ளை உடுப்போடு சட்டகத்தை நிறைத்து நின்றால், ‘வெளிச்சம் கூடிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடும். வெள்ளைச் சட்டை சாம்பலாகும், அதற்குமேல் இருக்கும் நம்முடைய மண்ணிற முகம் இன்னும் இரண்டு படி கீழே போகும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பனிப்பொழிவைப் படமெடுப்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். நமக்குப் பனிப்பொழிவு இல்லை, காலை ஒன்றுகூடல் இருக்கிறது. செய்யவேண்டியது, கமராவின் வெளிச்ச ஈடுசெய்தலை (+/− குறி) முக்கால் அல்லது ஒரு படி கூட்டுவது. ஒரு படி என்றால் வெளிச்சம் இரட்டிப்பாகும். போனில் எடுத்தால் முகத்தில் விரலை வைத்துத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுப்பது. அதோடு சட்டையின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மடிப்புத் தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிட்டால் அதைப் பிறகு மீட்க முடியாது. முகம் கொஞ்சம் இருண்டால் கொஞ்சம் மீட்கலாம்.

இரண்டாவது, நின்ற இடம். விளையாட்டு மைதானத்தில் பதினொரு மணிக்கு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதியச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மற்ற மாதங்களிலும் பதினொரு மணிக்கு மேல் வெளிச்சம் மேலிருந்துதான் விழும். கண் குழிக்குள் நிழல், மூக்கின் கீழ் நிழல், நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு. வெயிலைத் தவிர்க்கப் பிள்ளைகளை வேப்பமரத்தின் கீழ் விடுவார்கள். அது வெயிலைவிட மோசம், இலைகளுக்கிடையால் வரும் வெயில் முகத்தில் காசு காசாக விழும். மாமரம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முகத்தில் பச்சை ஏறும். வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் நின்றால் நாடியின் கீழும் வெள்ளைச் சட்டையின் அடியிலும் செம்மை தெறிக்கும். இதெல்லாம் நான் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

நம் பாடசாலைகளில் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல இடம் இருக்கிறது. அது விறாந்தை. நீண்ட கூரை, தூண்கள், முன்னால் திறந்த முற்றம். வெயில் நேரடியாக விழாத பக்கத்து விறாந்தையில், தூணின் வரிசையிலிருந்து ஓர் அடி உள்ளே, முகம் முற்றத்தைப் பார்க்க ஒரு பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். மேலே கூரை இருப்பதால் உச்சி வெளிச்சம் தடைப்படும், முன்னாலுள்ள வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காகும். இரண்டு கண்ணிலும் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு விழும். அது விழுந்தால் முகம் உயிரோடு இருக்கும். ஓர் அடிக்குப் பதில் நான்கு அடி உள்ளே போனால் அந்தப் பொட்டு சின்னதாகி, முகத்தில் வெளிச்சம் வடிந்துவிடும். ஒருநாள் ஒரு தோழியை நிறுத்தி, அரை அடி அரை அடியாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து வரிசையாகப் பாருங்கள். நான் எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

மூன்றாவது காரணம் அச்சு. உங்கள் திரை தானே ஒளி விடுகிறது, தாள் தன்மேல் விழுகிற ஒளியைத் திருப்பித்தான் தரும். அதனால் திரையில் ‘சரியாக’ இருப்பது தாளில் எப்போதும் ஒரு படி குறையும். அதற்குமேல் புள்ளி விரிவு. அச்சில் படம் என்பது நுண்ணிய புள்ளிகள். மை தாளில் படும்போது புள்ளி கொஞ்சம் பரவும். பளபளப்பான ஆர்ட் தாளில் குறைவாகப் பரவும், சாதாரண வெள்ளைத் தாளில் மை உள்ளே ஊறிக் கூடுதலாகப் பரவும். இருபது சதவீத விரிவு உள்ள தாளில், நீங்கள் 50 சதவீதம் என்று கொடுத்த இடம் 70 போல வந்து நிற்கும். நம் தோல் நிறம் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் அடிவாங்குவது முகம். உங்கள் இதழ் செலவைக் குறைக்க 80 கிராம் சாதாரணத் தாளில் வந்தது என்கிறீர்கள். அந்தத் தாளில் தவறில்லை, அந்தத் தாளுக்கு ஏற்றபடி படத்தின் நடுநிறங்களைத் திரையில் ‘இது கொஞ்சம் வெளிறியிருக்கிறதே’ என்று தோன்றும்வரை உயர்த்தியிருக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு ஒரே எண் கிடையாது. அச்சகத்துக்கு அச்சகம், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதற்கு நான் செய்வது இதுதான்: ஒரே முகத்தை ஆறு அளவு வெளிச்சத்தில் ஒரு பக்கத்தில் அடுக்கி, 1 முதல் 6 வரை எண் போட்டு, அதே தாளில் அதே இயந்திரத்தில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பேன். அதை வெளியே பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்த எண் என்று உடனே தெரியும். தகடு செய்து அச்சிடும் ஓப்செற்றில் ஒரு பக்கத்துக்காகத் தனியாகத் தகடு போட மாட்டார்கள், அது நியாயம். நூறு இருநூறு பிரதி டிஜிட்டலில் எடுக்கும் இடத்தில் இதைத் தாராளமாகக் கேட்கலாம்.

படத்தின் அளவு பற்றி ஒரு வார்த்தை. நண்பர்கள் எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1,600 புள்ளிக்கு (பிக்சலுக்கு) கொண்டுவந்துவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது 13.5 சென்ரிமீற்றர்தான். அரைப் பக்கத்துக்கே திணறும். ஏ4 முழுப்பக்கத்துக்கு, வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டி, 2,551க்கு 3,579 புள்ளி வேண்டும். பன்னிரண்டு மெகாபிக்சல் போன் 4,000க்கு 3,000 தருகிறது, அது போதும். கமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வயரைக் கொழுவி நேரே எடுங்கள்.

இனி மடிப்புக்குள் போன இரண்டு பேர். இதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. ஏனென்றால் இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம், ஒரு பாடசாலையின் மலரில் உயர்தர மாணவர் முழுப்பேரையும் இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே போட்டேன். திரையில் அழகாக இருந்தது. வெளியீட்டு நாளில் ஒரு தாய் பிரதியை விரித்து, நடுவில் விரலால் அழுத்தி அழுத்தி மகனைத் தேடினார். பெயர்ப் பட்டியலில் பெயர் இருந்தது. முகத்தில் ஒரு காதும் கன்னமும்தான் வெளியே இருந்தன. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு குழுப்படம் எடுக்கும்போது நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கச் சொல்லத் தொடங்கினேன், குறுக்கே போகப்போகிறது என்றால். இல்லாவிட்டால் குறுக்கே போடுவதே இல்லை.

இதற்கு ஓர் உறுதியான கணக்கு இருக்கிறது. நடுவில் கம்பி அடித்துத் தைக்கும் இதழில் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி இருக்கும். 48 பக்கத்தில் 24ஆம், 25ஆம் பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகின்றன. அங்கே குறுக்கே படம் போட்டால் இடையில் கம்பி மட்டும்தான் தெரியும், படம் விலகாது. 18உம் 19உம் வேறு வேறு தாள்கள். மடிக்கும்போது ஒரு மில்லிமீற்றர் மேலே கீழே விலகினாலும் ஒரு தோள் உடைந்து தெரியும். முதுகில் பசை ஒட்டிக் கட்டும் நூலென்றால் இன்னும் கடினம், ஒவ்வொரு பக்கத்திலும் உள்விளிம்பு கொஞ்சம் விழுங்கப்பட்டுவிடும். உங்கள் குழுப்படத்தை ஆறு பக்கம் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்திருந்தால் அந்த இரண்டு பேரும் இன்று இருப்பார்கள்.

நடுப்பக்கங்களில் பக்க எண்கள் விளிம்புக்கு மிக அருகே வந்துவிட்டன, முதல் பக்கங்களில் அப்படி இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதுவும் வெட்டியவரின் பிழை அல்ல. பன்னிரண்டு தாளை ஒன்றாக மடித்தால் உள்ளே இருக்கும் தாள் வெளியே துருத்தும். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை மடித்துப் பாருங்கள், தெரியும். வெட்டும்போது நேர்கோட்டில் வெட்டுவதால் நடுத்தாள்களில் ஒரு மில்லிமீற்றர் வரை கூடுதலாகப் போகும், தடித்த தாளென்றால் அதற்கும் மேலே. எதையும் வெட்டு விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள் வைக்காமல் விட்டால் இந்தப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது.

கொம்பும் காலும் இடம் மாறியது மென்பொருள் காரியம். இன்று கணினிகளில் பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் ‘கொ’ என்பது ககரத்துக்குப் பின் ஒகரக்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். திரையில் ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் எடுத்து வைப்பது மென்பொருளின் எழுத்தமைப்பு இயந்திரம். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பியை வேர்ல்ட்-ரெடி என்பதற்கு மாற்றாவிட்டால் அந்த வேலை நடக்காது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கும், சில இடத்தில் புள்ளி வட்டம் வரும். போட்டோஷொப்பிலும் இதே போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. உங்கள் உடற்பகுதி எழுத்துகள் சரியாக இருந்து தலைப்புகள் மட்டும் உடைந்திருந்தால், தலைப்புகளைப் படத்தின்மேல் போட்டோஷொப்பில் தட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், கோப்பைத் திறந்தால் உறுதியாகும். இன்னொரு பக்கம் பாமினி என்ற பழைய எழுத்துரு இருக்கிறது. நம் ஊரில் இன்றும் பல இடங்களில் அதில்தான் தட்டுகிறார்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் உட்கார்ந்திருப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கிலக் குவியலாகிவிடும், தேடவும் முடியாது. பாமினிக் கட்டுரையை யுனிகோடுக்கு மாற்றும்போது இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குழப்பமாக மாறும். மாற்றிய ஒவ்வொரு கட்டுரையையும் ஒருவர் மூலப்பிரதியைக் கையில் வைத்து வாசித்தே ஆக வேண்டும். இதற்குக் குறுக்குவழி நான் கண்டதில்லை.

தமிழ் எழுத்தின் உடம்பு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே இகர ஈகார விசிறி, கீழே உகர ஊகாரச் சுழி. இரண்டு வரியும் நெருங்கினால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’யில் முட்டும். ஆங்கிலப் பக்கத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. நான் பத்தரைப் புள்ளி (பொயின்ற்) அளவு எழுத்துக்குப் பதினைந்தரை, பதினாறு விடுவேன். நம் சொற்கள் நீளம், ‘எடுத்துக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரு சொல் மூன்று பத்திப் பக்கத்தில் ஒரு வரியையே சாப்பிடும். குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் சமமாக இழுத்தால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழுந்து பக்கம் கிடுகு பிரிந்த வேலி மாதிரி இருக்கும். ஏ4 பக்கத்துக்கு இரண்டு பத்தி போதும், மூன்று வேண்டுமென்றால் வலது ஓரத்தைச் சமமாக்காமல் விடுங்கள். இவை என் விருப்பம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டுமாக இருக்க வேண்டும். திரைக்குரிய கறுப்பை அப்படியே விட்டால் அது நான்கு மையாகப் பிரிந்து, தகடு மயிரிழை விலகினாலும் ‘ண’, ‘னை’ போன்ற எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பு நீல நிழல் விழும். படத்தின்மேல் வெள்ளை எழுத்தும் அப்படியே. சிறிய வெள்ளை எழுத்துக்குள் மை நிறைந்து ‘ற’வும் ‘ந’வும் அடைத்துப்போகும். தலைப்புக்குச் சரி, கட்டுரைக்கு வேண்டாம்.

அட்டையில் உங்கள் தோழி. இரட்டைப் பின்னல், ரிபன், நேரே பார்க்கும் பார்வை. நல்ல தெரிவு என்றே நினைக்கிறேன், பெரும்பாலான மலர்களில் கட்டிடத்தின் படம்தான் வரும். ஆனால் போனின் உருவப்பட (போர்ட்ரெய்ட்) முறையில் எடுத்ததால் பின்னலின் ஓரம் பின்னணியோடு கரைந்துவிட்டது என்கிறீர்கள். அந்த முறை எது தலைமயிர், எது சுவர் என்று கணித்துத்தான் மங்கலாக்குகிறது. மெல்லிய மயிரிலும் ரிபன் ஓரத்திலும் அடிக்கடி தவறும். திரையில் தெரியாது, ஏ4 அட்டையில் தெரியும். அந்த முறையை நிறுத்திவிட்டு, தோழியைச் சுவரிலிருந்து பதினைந்து அடி முன்னால் கொண்டுவந்து, நீங்கள் கிட்டப் போயிருந்தால் போதும். பெயர் போட இடமில்லாமல் இதழின் பெயரை அவர் நெற்றியில் போட்டதும் இதே கதைதான். அட்டைக்கு என்று தெரிந்து எடுத்திருந்தால் தலைக்குமேல் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக விட்டிருப்பீர்கள்.

அதனால்தான் அடுத்த முறை கமராவை எடுக்குமுன் டம்மி ஒன்று செய்யுங்கள் என்கிறேன். பன்னிரண்டு ஏ4 தாளைச் சேர்த்து மடித்தால் சிறிய 48 பக்கக் கொப்பி கிடைக்கும். நடுவில் ஊசி நூலால் இரண்டு தையல். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் என்ன வரும் என்று எழுதி, படம் வரும் இடத்தில் பெட்டி போட்டு, படுக்கையா நிமிர்ந்ததா, யார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று குறியுங்கள். இடது பக்கத்தில் இருப்பவர் வெளியே பார்த்தால் வாசகரின் கண்ணும் வெளியே போகும், உள்ளே பார்த்தால் கட்டுரைக்குள் வரும். இது விதி அல்ல, ஆனால் பெரும்பாலும் உண்மை. அதிபர் செய்தி, வாழ்த்துச் செய்திகள், ஆசியுரைகள், விளம்பரங்கள் எத்தனை பக்கம் தின்னும் என்பதும் அந்தக் கொப்பியில் தெரிந்துவிடும். அவற்றுக்கான படங்கள் கடைசி நாளில் அடையாள அட்டை அளவில்தான் வந்து சேரும். அந்தப் பெட்டிகளை ஆரம்பத்திலேயே சிறிதாக வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் நான் மனதார வற்புறுத்துவது படத்தின் கீழே வரும் வரியைத்தான். ‘இருப்பவர்கள் (இடமிருந்து வலமாக)’, ‘நிற்பவர்கள் முதலாம் வரிசை’ என்று பழைய மலர்களில் சிறிய எழுத்தில் இருக்குமே, அது. உங்கள் இதழில் குழுப்படங்களுக்குப் பெயர் இல்லை, ‘இடம் போதவில்லை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்குத் தெரியும், தங்கச்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் ஊரோடு வெளிக்கிட்டவர்கள் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு ஓர் அண்ணனின், ஒரு மாமாவின் முகம் மிஞ்சியது பாடசாலை மலரின் குழுப்படத்தில்தான். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவிடம் தம்பியின் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, துடுப்பாட்ட அணி, இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள். கீழே பெயர் இருந்ததால்தான் கண்டுபிடித்தார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இப்படிப் பல பாடசாலை மலர்களை வருடி (ஸ்கான் செய்து) வைத்திருக்கிறார்கள். அதில் போய் ஒரு மணித்தியாலம் பழைய மலர்களைப் புரட்டிப் பாருங்கள், வடிவமைப்புப் பாடமும் அங்கே இருக்கிறது. பெயர் எழுதுவதற்கு எளிய வழி, படம் எடுத்த உடனே கலைய விடாமல், ஒரு தாளை இடப்பக்கத்திலிருந்து கைமாற்றி ஒவ்வொருவரையும் தன் பெயரைத் தானே எழுத வைப்பது. எழுத்துப்பிழையும் வராது. அதே நேரம், சிறு பிள்ளைகளின் தனிப்படத்தைப் பெயரோடு முகநூலில் போடுவது வேறு காரியம். அதற்குப் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, மீள்நோக்கு. உங்கள் ஆசிரியர் எதற்கு எத்தனை புள்ளி தருவார் என்று என்னால் சொல்ல முடியாது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன். ‘படங்கள் பொதுவாக நன்றாக அமைந்தன, சில மட்டும் இருளாக வந்தன, அடுத்த முறை கவனமாக இருப்பேன்’ என்று எழுதினால், அதை இதழைப் பார்க்காத ஒருவரும் எழுதிவிடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘22ஆம் பக்கத்துப் படத்தை முற்பகல் பதினொரு மணிக்கு மைதானத்தில் எடுத்தேன். அந்த நேரத்தைத் தெரிவுசெய்தது, அப்போதுதான் எல்லோரும் வகுப்பிலிருந்து விடப்பட்டார்கள் என்பதால். வெள்ளைச் சீருடைக்காக வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்று அப்போது தெரியாது. போன் திரையில் சரியாக இருந்ததால் திருத்தவில்லை. 80 கிராம் தாளில் முகங்களின் விவரம் போய்விட்டது. 31ஆம் பக்கத்துப் படம் நூலக விறாந்தையில் எடுத்தது, அதே தாளில் அது தப்பிவிட்டது.’ இதில் பிழை மறைக்கப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், தாளில் என்ன நடந்தது என்பது இருக்கிறது. 31ஆம் பக்கத்தையும் சேர்த்ததைக் கவனியுங்கள். நன்றாக வந்தது ஏன் நன்றாக வந்தது என்று தெரியாவிட்டால் அது தற்செயல். மடிப்புக்குள் போன இரண்டு பேரைப் பற்றியும் எழுதுங்கள், அதற்கு முன் அந்த இரண்டு பேருக்கும் முழுப்படத்தின் ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

அச்சான இதழில் ஒரு பிரதியை இதற்காகவே ஒதுக்கி வையுங்கள். சிவப்புப் பேனாவோடு பகல் வெளிச்சத்தில் இருந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டுங்கள். கண் தடுக்கும் இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு. இரண்டாம் முறை புரட்டும்போது கோட்டுக்குப் பக்கத்தில் ஏன் என்று நான்கு சொல். காரணம் தெரியாத இடத்தில் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளோடு அச்சகத்துக்கு ஒருமுறை போய், இயந்திரம் ஓட்டுகிறவரிடம் காட்டிக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.